ஐபி முகவரிகள் ஆக்கில் தப்பான வரிசையில் வந்தால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஐபி முகவரிப் பட்டியல் தாறுமாறாக வந்தால் பெரும்பாலும் குற்றம் வரிசைப்படுத்தும் கருவியில் இருக்காது, அதன் கையில் நாம் கொடுத்த கீயில் இருக்கும். எதை எதோடு ஒப்பிட வேண்டும் என்று சொல்வது அந்தக் கீதான். அது தப்பாக இருந்தால் எந்தக் கருவியும் தப்பைத்தான் ஒழுங்காகச் செய்து கொடுக்கும்.

ஆகவே அறிகுறி எதுவானாலும் முதல் வேலை, கீயைக் கண்ணால் பார்ப்பது. ஆக் (கோப்பை வரிவரியாகப் படித்து வேலை செய்யும் நிரல்மொழி) நிரலில் கீயை உருவாக்குகிறீர்கள் என்றால் அதை ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அச்சிட்டு, வரிசைப்படுத்தாமலே பத்து வரிகளைப் பாருங்கள். சார்ட் கட்டளையிடம் நேரடியாகக் கொடுக்கிறீர்கள் என்றால், குனு சார்ட்டில் (பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இருக்கும் சார்ட்) --டீபக் சேர்த்து ஓட்டுங்கள். ஒவ்வொரு வரிக்கும் கீழே, ஒப்பிட எடுத்துக்கொண்ட பகுதிக்கு அடிக்கோடு போட்டுக் காட்டும். கோடு எங்கே முடிகிறது என்று பார்த்தாலே பாதிச் சிக்கல் விளங்கிவிடும்.

கட்டளைகளையும் தெரிவுகளையும் இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது அவற்றின் ஆங்கில எழுத்துகளிலேயே தட்டுங்கள். கீ எண்களுக்குப் பின்னால் ஒட்டி வரும் "என்" என்பது, எண்ணாக ஒப்பிடு என்று சொல்லும் ஓரெழுத்து. நீளப் பெயர்த் தெரிவுகள் குனு சார்ட்டுக்கு உரியவை. அவை இல்லாத கணினியில், --டீபக் தவிர மற்றவற்றுக்கு, அவற்றின் ஓரெழுத்து வடிவங்களைப் போடுங்கள்.

அறிகுறி: 10.0.0.2-க்கு முன்னால் 10.0.0.10 வந்து நிற்கிறது

முகவரியைச் சரமாக, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டதன் விளைவு இது. முதல் ஏழு எழுத்துகள் இரண்டிலும் ஒன்றே. எட்டாவது எழுத்தில் ஒன்றில் 1, மற்றதில் 2. அங்கேயே தீர்ப்பு முடிந்துவிடுகிறது. அதற்குப் பின்னால் இன்னொரு இலக்கம் இருப்பதை யாரும் பார்ப்பதில்லை.

முகவரி மட்டுமே உள்ள கோப்பு என்றால் ஆக் தேவையே இல்லை. புள்ளியில் வெட்டி, நான்கு பகுதிகளையும் தனித்தனி எண் கீயாகக் கொடுங்கள்:

சார்ட் --ஃபீல்டு-செபரேட்டர்=. --கீ=1,1என் --கீ=2,2என் --கீ=3,3என் --கீ=4,4என்

குனு சார்ட்டில் --வெர்ஷன்-சார்ட் என்ற ஒற்றைத் தெரிவும் வெறும் ஐபிவி4 (புள்ளியிட்ட நான்கு எண் முகவரி) பட்டியலுக்கு இதே விடையைத் தரும். அவசரத்துக்கு நல்லது. பல கணினிகளில் ஓடப்போகும் ஸ்கிரிப்ட்டில் நான்கு கீ முறையே பாதுகாப்பு.

அறிகுறி: எண்ணாக ஒப்பிடச் சொல்லியும் 192.168 முகவரிகள் 192.20-க்கு முன்னால் வருகின்றன

வெட்டாமல் --நியூமரிக்-சார்ட் மட்டும் போட்டிருப்பீர்கள். கருவி முதல் புள்ளியைத் தசமப் புள்ளியாக எடுத்துக்கொள்கிறது, இரண்டாவது புள்ளியில் படிப்பதை நிறுத்திவிடுகிறது. 192.168.1.7 என்பது அதற்கு 192.168 என்ற தசம எண். 192.20.5.5 என்பது 192.20. தசமக் கணக்கில் 192.168 சிறியதுதான். மூன்றாவது, நான்காவது எண்கள் ஒப்பீட்டுக்குள் வரவே இல்லை. சமமாகிற வரிகள் கடைசியில் முழுச் சரமாக ஒப்பிடப்படுவதால், பாதி ஒழுங்காகத் தெரிந்து உங்களை ஏமாற்றும்.

லோக்கேல் (கணினியின் மொழி, நாட்டு வழக்க அமைப்பு) இதை இன்னும் குழப்பும். புள்ளியை ஆயிரம் பிரிக்கும் குறியாகக் கொண்ட லோக்கேலில், உதாரணமாக ஜெர்மன், குனு சார்ட் புள்ளிகளைத் தாண்டிப் படித்துவிடும். அங்கே 10.0.0.200 என்பது 1000200; 10.1.1.1 என்பது 10111. ஒரே கட்டளை இரண்டு கணினிகளில் இரண்டு வரிசை தந்தால் முதலில் லோக்கேலைத் தீர்மானிக்கும் எல்சி_ஆல் மாறியைப் பாருங்கள். கட்டளைக்கு முன்னால் அதை "சி" என்று அமைத்துவிட்டு ஓட்டுவதை வழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

அறிகுறி: முதல் எண் வரை சரி, இரண்டாவது எண்ணில் குழப்பம்

10.10, 10.2-க்கு முன்னால் வருகிறதா? நான்கு கீ கொடுத்திருந்தும் இப்படி என்றால் கீயின் முடிவைச் சொல்ல மறந்திருக்கிறீர்கள். --கீ=1என் என்றால் "முதல் பகுதி" என்று பொருள் இல்லை; "முதல் பகுதியிலிருந்து வரி முடிவு வரை" என்று பொருள். ஆகவே மேலே சொன்ன தசமக் கணக்கு மறுபடி உள்ளே வந்துவிடுகிறது. 1,1 என்று தொடக்கமும் முடிவும் சேர்த்து எழுதுங்கள். --டீபக் போட்டால் அடிக்கோடு இரண்டாவது எண் வரை நீண்டிருப்பது தெரியும்.

அறிகுறி: ஆக் உருவாக்கிய கீ எல்லா வரிக்கும் பூஜ்யம்

முகவரியை வெட்ட ஸ்ப்ளிட் சார்பை எப்படி அழைத்தீர்கள் என்று பாருங்கள். பிரிப்பானை இரட்டை மேற்கோளுக்குள் "." என்று கொடுத்தால் ஆக் அதை வெறும் புள்ளியாகவே எடுத்துக்கொள்ளும், ஒற்றை எழுத்துப் பிரிப்பானுக்கு அதுதான் விதி. சாய்கோடுகளுக்குள் /./ என்று கொடுத்தால் அது ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது எழுத்துகளின் அமைப்பை விவரிக்கும் கோவை. அங்கே புள்ளி என்றால் எந்த எழுத்தும். எல்லா எழுத்தும் பிரிப்பானாகிவிட, மிஞ்சுவது காலித் துண்டுகள். காலியை எண்ணாக்கினால் பூஜ்யம். /\./ என்று எழுதுங்கள், அல்லது மேற்கோளுக்கே திரும்புங்கள். மேற்கோளுக்குள் "\." என்று எழுதத் தேவையில்லை; குனு ஆக் அதற்கு எச்சரிக்கை கொடுக்கும்.

பெர்ல் எழுதிப் பழகியவர்களுக்கு இது நேர் எதிராக அமையும். அங்கே ஸ்ப்ளிட்டுக்கு மேற்கோளுக்குள் புள்ளி கொடுத்தாலும் அது ரெகுலர் எக்ஸ்பிரஷன்தான். திரும்பி வருவது காலிப் பட்டியல். பெர்லில் எப்போதும் /\./.

அறிகுறி: நீங்களே எழுதிய ஒப்பீட்டில் 9, 10-ஐவிடப் பெரிதாகிறது

ஆக்கில் ஒரு மதிப்பு எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்தே அது எண்ணா சரமா என்று முடிவாகிறது. கோப்பிலிருந்து வந்த புலமும், ஸ்ப்ளிட் தந்த துண்டும் எண் போலத் தெரிந்தால் எண்ணாகவே ஒப்பிடப்படும். ஆனால் சப்ஸ்டர் (சரத்தின் ஒரு பகுதியை வெட்டித் தரும் சார்பு) தந்த துண்டு என்றும் சரம்தான், அதில் வெறும் இலக்கங்களே இருந்தாலும். சொன்ன வடிவத்தில் எழுதித் தரும் ஸ்பிரின்ட்எஃப் தந்ததும் அப்படியே. இப்படிப்பட்ட இரண்டை < குறியால் ஒப்பிட்டால் "9" பெரிது, "10" சிறிது.

மருந்து சின்னது: ஒப்பிடும் முன் +0 சேருங்கள். துண்டு எந்தச் சார்பிலிருந்து வந்தது என்று ஆராய்ந்துகொண்டிருப்பதைவிட, முகவரியின் ஒவ்வொரு எண்ணுக்கும் கண்ணை மூடிக்கொண்டு +0 போடுவதே மேல்.

அறிகுறி: ஓட்டும் இடத்துக்கு இடம் வரிசை மாறுகிறது

அரேயில் (ஒவ்வொரு மதிப்பையும் ஒரு சுட்டின் கீழ் வைக்கும் அட்டவணை) முகவரிகளைச் சேர்த்துவிட்டு, ஃபார் ... இன் வளையத்தில் அச்சிடுகிறீர்கள். அந்த வளையம் எந்த வரிசையில் சுற்றும் என்று ஆக் எந்த உறுதியும் தருவதில்லை. சிறிய கோப்பில் தற்செயலாகச் சரியாக வந்து, பெரிய கோப்பில் கலைந்துபோகும்.

குனு ஆக் 4.0 முதல் இதற்கு நேரடி வழி இருக்கிறது. வளையத்துக்கு முன்னால் இந்த வரியைப் போடுங்கள்:

ப்ராக்இன்ஃபோ["சார்ட்டட்_இன்"] = "@இண்ட்_நம்_அஸ்க்"

அரேயின் சுட்டு ஓர் எண்ணாக இருந்தால் ஏறுவரிசையில் சுற்றும். முகவரியை ஒரே எண்ணாக்க (ப என்பது ஸ்ப்ளிட் தந்த நான்கு துண்டுகளின் அரே):

கீ = ப[1]*16777216 + ப[2]*65536 + ப[3]*256 + ப[4]

192.168.1.1 இதில் 3232235777 ஆகும். இந்த எண் வந்தால் உங்கள் கணக்கு சரி.

ஏசார்ட், ஏசார்ட்ஐ சார்புகளைப் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏசார்ட் மதிப்புகளை வரிசைப்படுத்தி, பழைய சுட்டுகளை அழித்துவிடும். ஏசார்ட்ஐ சுட்டுகளை வரிசைப்படுத்தும், ஆனால் சொல்லாவிட்டால் சரமாகத்தான் வரிசைப்படுத்தும். ஆகவே அதற்குக் கொடுக்கும் சுட்டு, ஒவ்வொரு பகுதியும் முன்னால் பூஜ்யம் நிரப்பிய மூன்று இலக்கமாக, மொத்தம் பன்னிரண்டு இலக்கமாக இருக்கட்டும். நீளம் ஒன்றானால் சர ஒப்பீடும் எண் ஒப்பீடும் ஒரே விடையைத் தரும். இந்த இரண்டு சார்புகளும் ஆக்கின் இன்னொரு வடிவமான மாக்கில் கிடையாது.

அறிகுறி: வெளியீட்டில் வரிகள் குறைகின்றன

கீயை அரேயின் சுட்டாக்கி, முழு வரியை மதிப்பாக வைத்தால், ஒரே முகவரி இரண்டாம் முறை வரும்போது முதல் வரி அழிந்துபோகும். பதிவுக் கோப்புகளில் இது பெரிய இழப்பு, ஒரே முகவரியின் ஆயிரம் வரிகளில் கடைசி வரி மட்டும் நிற்கும். கீயின் பின்னால் வரி எண்ணையும், அதுவும் பூஜ்யம் நிரப்பி, ஒட்டிவிடுங்கள். சுட்டு தனித்துவமாகும், வந்த வரிசையும் காப்பாற்றப்படும். ஆனால் அப்போது சுட்டு நீள்கிறது. எண்ணாக ஒப்பிட்டால் துல்லியம் போகலாம். சர ஒப்பீட்டுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

அரே இல்லாமலேயே வரிகள் குறைந்தால் --யூனிக் தெரிவைப் பாருங்கள். கீகளோடு சேர்த்துப் போடும்போது அது வரியை அல்ல, கீயைத்தான் ஒப்பிட்டுக் கழிக்கும். முகவரி ஒன்றாக இருந்து மீதி வேறாக இருக்கும் வரிகளில் ஒன்றுதான் மிஞ்சும். 10.0.0.0/8, 10.0.0.0/24 இரண்டில் ஒன்று காணாமல் போவதும் இதனால்தான்.

அறிகுறி: கீ 3.23224இ+09 என்றோ 2147483647 என்றோ வருகிறது

இது பழைய மாக்கின், குறிப்பாக 1.3.3 பதிப்பின், கைரேகை. அந்தப் பதிப்பு பெரிய முழு எண்களை ஆறு இலக்கத் துல்லியத்தில் அடுக்குக்குறியாக எழுதிவிடும். முழு எண் வடிவத்தில் அச்சிடச் சொன்னாலும் 2147483647-க்கு மேல் போகாது. ஆகவே 128.0.0.0 முதல் மேலே உள்ள அத்தனை முகவரிகளுக்கும் ஒரே கீ.

அடுக்குக்குறியின் கேடு கொஞ்சம் மறைவானது. 192.168.0.0 முதல் 192.168.36.255 வரை எல்லா முகவரிகளும் 3.23224இ+09 என்ற ஒரே சரமாகின்றன. அதைச் சார்ட் எண்ணாகப் படித்தால், இ என்ற எழுத்திலேயே நின்றுவிடும், 3.23224 என்று எடுத்து, எல்லாவற்றுக்கும் முன்னால் கொண்டுபோய் வைக்கும். அதையே அரேயின் சுட்டாக வைத்தால் அந்த வலையமைப்பு முழுவதும் ஒரே அறைக்குள் விழுந்து, வரிகள் அழியும்.

கீயை எப்போதும் %010.0எஃப் வடிவத்தில் அச்சிடுங்கள், அதாவது தசமம் இல்லாத மிதவை எண், பத்து இலக்கம், முன்னால் பூஜ்யம். மிகப் பெரிய முகவரியான 255.255.255.255 கூட 4294967295 தான், பத்து இலக்கத்தில் அடங்கிவிடும். ஆக் எண்களை வைத்திருக்கும் இரட்டைத் துல்லிய மிதவை 2-இன் 53-ஆம் அடுக்கு வரை முழு எண்களைப் பிசகாமல் தாங்கும். சிக்கல் கணக்கில் இல்லை, அச்சிடுவதில்தான்.

அறிகுறி: 203.0.113.5 மட்டும் பட்டியலின் உச்சியில் தனியாக நிற்கிறது

மூலக் கோப்பின் முதல் வரியில் இருந்த முகவரியா அது? அப்படியானால் கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகள் ஒட்டியிருக்கின்றன. யூடிஎஃப்-8 பைட் வரிசைக் குறி அது. எண்ணின் முன்னால் எழுத்து வந்ததால் முதல் பகுதி பூஜ்யமாகிவிட்டது. எட்டடிமான முறையில் அந்தப் பைட்டுகள் \357\273\277. எல்சி_ஆல் சி-யாக இருக்க, முதல் வரியில் மட்டும் சப் சார்பால் இவற்றை நீக்குங்கள்.

அறிகுறி: ஒரே முகவரி இரண்டு முறை வருகிறது, யூனிக்கும் கழிக்கவில்லை

விண்டோஸில் சேமித்த கோப்பும் லினக்ஸில் சேமித்த கோப்பும் கலந்திருக்கும். ஒன்றில் வரி முடிவில் கேரேஜ் ரிட்டர்ன் எழுத்து ஒட்டியிருக்கிறது. கேட் கட்டளையை மறை எழுத்துகளைக் காட்டும் தெரிவோடு ஓட்டினால் வரி முடிவில் ^எம் என்று தெரியும். ஆக் நிரலின் முதல் செயலாக, வரி முடிவிலுள்ள கேரேஜ் ரிட்டர்னையும் வெற்றிடங்களையும் நீக்கிவிடுங்கள். யூனிக் கட்டளை அடுத்தடுத்த வரிகளை மட்டுமே ஒப்பிடும் என்பதால் அது வரிசைப்படுத்திய பிறகுதான் வர வேண்டும்.

அறிகுறி: 10.0.0.0/16, 10.0.0.0/8-க்கு முன்னால் வருகிறது

நான்காவது கீ "0/16" என்பதில் 0 மட்டுமே படிக்கிறது. வரிகள் சமமாகிவிட, கடைசிச் சர ஒப்பீட்டில் "1" என்ற எழுத்து "8"-ஐ முந்துகிறது. முகவரியைப் புள்ளியிலும் சாய்கோட்டிலும் சேர்த்து வெட்டுங்கள், ஸ்ப்ளிட்டின் பிரிப்பான் /[.\/]/. ஐந்தாவது துண்டு முகமூடி நீளம். அது இல்லாத வரிக்கு 32 என்று நிரப்புங்கள். விட்டுவிட்டால் காலி பூஜ்யமாகி, தனி முகவரி பெரிய வலையமைப்புக்கு முன்னால் போய் உட்காரும். முகவரிக்குப் பின் முக்காற்புள்ளி போட்டு போர்ட் எண் வரும் பட்டியலுக்கும் இதே மருந்து.

அறிகுறி: வரியில் வேறு சொற்களும் இருந்தால் மட்டும் வரிசை கலைகிறது

முகவரிக்கு முன்னால் கணினிப் பெயரோ தேதியோ இருக்கிறது. அந்தப் பெயரிலும் புள்ளி இருந்தால், சார்ட் அதிலிருந்தே பகுதிகளை எண்ணத் தொடங்கிவிடும். இங்கேதான் ஆக் தன் முழு வலிமையைக் காட்டும். மூன்று கட்டமாகச் செய்யுங்கள். ஆக், முகவரி இருக்கும் புலத்திலிருந்து பத்து இலக்கக் கீயை உருவாக்கி, கீ, ஒரு டேப், பிறகு முழு வரி என்று அச்சிடட்டும். சார்ட், டேபைப் பிரிப்பானாகக் கொண்டு முதல் பகுதியை மட்டும் ஒப்பிடட்டும், --ஸ்டேபிள் சேர்த்தால் சமமான முகவரிகள் வந்த வரிசையிலேயே இருக்கும். கட், முதல் பகுதியை வெட்டிப் போட்டு மீதியைத் தரட்டும். பெர்ல் உலகில் இந்த உத்திக்கு ராண்டல் ஷ்வார்ட்ஸின் பெயரே வழங்குகிறது.

வரிக்குள் ஏற்கெனவே டேப் இருந்தாலும் கவலை இல்லை, கட்டில் "இரண்டு முதல் கடைசி வரை" என்று சொன்னால் போதும். மூல வரியை எந்தக் கட்டத்திலும் தொடுவதில்லை என்பதே இந்த முறையின் பெருமை.

கீயை உருவாக்கும் அதே இடத்தில் சோதனையும் வையுங்கள்: நான்கு துண்டுகள் இருக்கின்றனவா, ஒவ்வொன்றும் வெறும் இலக்கமா, 0 முதல் 255-க்குள்ளா. சோதிக்காவிட்டால் 10.0.0.300 என்ற பிழையான வரி 10.0.1.44-இன் கீயைப் பெற்று, அதன் பக்கத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்ளும். தேறாத வரிகளைப் பிழை வெளியீட்டுக்கு வரி எண்ணோடு அனுப்புங்கள். ஓசையின்றித் தள்ளிவிடாதீர்கள்.

அறிகுறி: வரிசைப்படுத்திய பிறகு பிங் வேறு கணினிக்குப் போகிறது

பூஜ்யம் நிரப்பிய கீயையே முகவரியாக அச்சிட்டுவிட்டீர்கள். 010.000.000.005 நமக்கு 10.0.0.5. ஆனால் பல கருவிகள் முன்னால் பூஜ்யம் உள்ள எண்ணை எட்டடிமானமாகப் படிக்கும். அவற்றுக்கு அது 8.0.0.5. ஃபயர்வால் விதிப் பட்டியலில் இது நடந்தால் விளைவு மோசமாக இருக்கும். பூஜ்யம் நிரப்புவது கீக்கு மட்டுமே. வெளியே போவது மூல வரியாகவே இருக்கட்டும். உள்ளே வரும் தரவிலேயே 010 இருந்தால் ஆக் அதைப் பத்து என்றுதான் படிக்கும். குனு ஆக்கில் --நான்-டெசிமல்-டேட்டா தெரிவைப் போட்டால் மட்டும் அது எட்டாகும். அதைப் போடாதீர்கள்.

அறிகுறி: அடிக்குறிப்பு மேலே, பட்டியல் கீழே

ஆக்குக்குள்ளிருந்தே வரிகளைக் குழாய் வழியாகச் சார்ட்டுக்கு அனுப்பி, எண்ட் பகுதியில் மொத்தத் தொகையை அச்சிடுகிறீர்கள். சார்ட், கடைசி வரி வந்து குழாய் மூடும் வரை எதையும் வெளியே விடாது. அதற்குள் உங்கள் அடிவரி அச்சாகிவிடும். அச்சிடும் முன் குளோஸ் சார்பை அழையுங்கள். அதற்குள் கொடுக்கும் கட்டளைச் சரம், குழாயைத் திறந்தபோது கொடுத்ததோடு ஓர் இடைவெளி கூடப் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். கட்டளையை ஒரு மாறியில் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை வராது. தலைப்பு வரி கீழே போவதற்குக் காரணம் வேறு: ஆக் அதைத் தன் இடையகத்தில் வைத்திருக்கிறது. தலைப்பை அச்சிட்டதும் எஃப்ஃபிளஷ் அழையுங்கள்.

அறிகுறி: காம், ஜாயின் கட்டளைகள் "வரிசையில் இல்லை" என்று முரண்டு பிடிக்கின்றன

அவை எதிர்பார்ப்பது சர வரிசை. நீங்கள் கொடுப்பது எண் வரிசை. இரண்டு பட்டியல்களையும் சி லோக்கேலில் வெறும் சார்ட்டால் வரிசைப்படுத்தி ஒப்பிடுங்கள். கிடைத்த விடையைக் கடைசியாக முகவரி வரிசைக்கு மாற்றுங்கள்.

அறிகுறி: ஐபிவி6 முகவரிகள் எந்த முறைக்கும் அடங்கவில்லை

இந்த முகவரிகள் முக்காற்புள்ளியால் பிரித்த எட்டுப் பதினாறடிமானத் தொகுதிகள் கொண்டவை. புள்ளி, தசமம், நான்கு கீ என்று மேலே சொன்ன எதுவும் இங்கே செல்லாது. 128 பிட் எண்ணை ஆக்கின் மிதவை எண் தாங்காது, கடைசி இலக்கங்கள் உதிர்ந்துவிடும். எண்ணாக்கும் எண்ணத்தையே விட்டுவிட்டு, நிரப்பிய சரத்துக்குப் போங்கள்.

முதலில் % குறியும் அதற்குப் பின்னால் வரும் இடைமுகப் பெயரும் இருந்தால் வெட்டிவிடுங்கள். எழுத்துகளைச் சிறிய எழுத்தாக்குங்கள். "::" (தொடர்ந்து வரும் பூஜ்யத் தொகுதிகளின் சுருக்கம்) இருந்தால் அந்த இடத்தில் இரண்டாக வெட்டி, இடப்பக்கத் தொகுதிகளையும் வலப்பக்கத் தொகுதிகளையும் தனித்தனியே எண்ணுங்கள். எட்டிலிருந்து இரண்டின் கூட்டுத்தொகையைக் கழித்தால் நடுவே எத்தனை பூஜ்யத் தொகுதிகள் என்று தெரியும். 2001:10::9 என்பதில் இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் ஒன்று, நடுவே ஐந்து பூஜ்யத் தொகுதிகள். பிறகு ஒவ்வொரு தொகுதியையும் நான்கு இலக்கமாக இடப்பக்கம் நிரப்பி ஒட்டுங்கள். கிடைக்கும் 32 எழுத்துச் சரம்தான் கீ. நிரப்ப எண் வடிவத்தைப் பயன்படுத்தாதீர்கள், பதினாறடிமான எழுத்துகள் பூஜ்யமாகிவிடும். "0000"-ஐ முன்னால் ஒட்டி, கடைசி நான்கு எழுத்துகளை சப்ஸ்டரால் எடுங்கள். சி லோக்கேலில் இலக்கங்கள் எழுத்துகளுக்கு முன்னால் வருவதால் சர ஒப்பீடே சரியான வரிசை தரும்.

இறுதியில் ஐபிவி4 வடிவம் ஒட்டிய முகவரிகள் வந்தால், அந்த நான்கு எண்களை இரண்டு பதினாறடிமானத் தொகுதிகளாக மாற்றிய பிறகே மேலே சொன்ன எண்ணிக்கையைத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் ஒரு தொகுதி குறைவாக எண்ணி, ஒரு பூஜ்யத் தொகுதி கூடுதலாக நிரம்பும்.

வரிசை சரிதானா என்று உறுதி செய்ய

சார்ட்டுக்கு அதே கீகளோடு --செக் கொடுத்தால், முதல் பிசகு எந்த வரியில் என்று சொல்லி நிற்கும். ஆனால் கீயே தப்பென்றால் இது பிடிக்காது. அதற்கு ஒரு சிறு சோதனைக் கோப்பு வைத்துக்கொள்ளுங்கள்: 9.255.255.255, 10.0.0.2, 10.0.0.10, 10.0.0.100, 10.2.0.0, 10.10.0.0, 127.255.255.255, 128.0.0.0, 192.20.5.5, 192.168.1.1, 192.168.1.2, 255.255.255.255. இந்தப் பன்னிரண்டும் இங்கே சரியான ஏறுவரிசையில் உள்ளன. கலைத்துப் போட்டு உங்கள் நிரலில் ஓட்டுங்கள். 10.0.0.10 இடம் மாறினால் சர ஒப்பீடு. 192.20 இடம் மாறினால் தசமம் உள்ளே புகுந்திருக்கிறது. 128.0.0.0-க்கு மேல் உள்ளவை எல்லாம் ஒரே கீயோடு வந்தால் மாக்கின் எல்லை, 192.168.1.1, 192.168.1.2 இரண்டுக்கும் 3.23224இ+09 என்று வந்தால் அதன் அடுக்குக்குறி.